வெளிக்கிட்டனான்

கண்ணாடிக்கு அப்பால் திரை இறங்கிவிட்டது, இனி உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்காது, சாட்சியின் ஊர்ப் பெயரோ தாய் தகப்பன் பெயரோ வரப்போகிறது போலும், அதுதான் மூடுகிறார்கள், மூடட்டும், ஒரு பெண்ணின் ஊர்ப் பெயரைக் காப்பாற்ற இவ்வளவு பெரிய கண்ணாடியை மூடும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. ஹெட்போனைக் கழற்றலாம். முன்வரிசைப் பிள்ளைகள், சட்டம் படிக்கிறவர்களாக இருக்கும், கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கைபேசி இல்லாத கைகளைப் பார்த்தபடி இருக்கிறார்கள், கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நான் கழற்றவில்லை. சத்தம் நின்ற பிறகும் அதற்குள் ஏதோ இருக்கிறது, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது காதில் வந்து மோதுமே, அந்த ஈரமான ஒன்று. அந்தப் பெண் இதுவரை பேசியதை நான் இங்கிலிசில் கேட்கவில்லை, குமிழைத் திருகி அவளுடைய சொந்தப் பாஷை வருகிற இடத்தில் வைத்துக்கொண்டேன், ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே தடக்குகிறாள் என்பது விளங்கியது. ஒரு சொல் அடிக்கடி வந்தது, முடிவில் உதடு மூடுகிற சொல். ஓர் ஆளின் பெயராக இருக்கவேண்டும். பெயரை மட்டும்தான் மனுஷர் அப்படிச் சொல்வார்கள், சொல்லிவிட்டு யாரோ திரும்பிப் பார்ப்பதற்கு இடம் விடுவதுபோல. அவளுடைய நாட்டை நான் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கும்போது வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன், பெரிய ஆறு, செம்பு, கோப்பி என்று சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவளுடைய நாடு இந்த நீதிமன்றத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடு. எங்கள் நாடு போடாத நாடு. அதனால் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம், இரண்டு பேருக்கும் சீலையின் தலைப்பைப் போல ஒன்றைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்குகிற பழக்கம் இருக்கிறது.

இந்த அமர்வு முடிந்ததும் கீழே உணவகத்தில் மார்லேன் வருவாள், கோகிலவாணியும் வருவாள், ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கிறது, அதை முடித்தால் கையெழுத்து. மார்லேன் வழக்கறிஞர், என் மகளைவிட இளையவள், சிவந்த மூக்கு, என்னைப் போல நாட்டைவிட்டு வந்தவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து இந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநருக்கு அனுப்பப் போகிறவள். கோகிலவாணி கோயம்புத்தூர்ப் பிள்ளை, புருஷனுக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை, இவள் மொழிபெயர்க்கிறாள். போன கிழமை மார்லேன் சொன்னதை அவள் எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. "அம்மா, உங்க நாடு இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைங்க, அதனால அங்க நடந்ததை இவங்க தொட முடியாதுங்க. ஆனா உங்களை வெரட்டுனது இருக்குதில்லைங்க, அது அங்க ஆரம்பிச்சு, நீங்க இங்க வந்து எறங்கினப்பத்தான் முடியுது. இது கையெழுத்துப் போட்ட நாடு. அதனால அந்த முடிஞ்ச பாதிக்கு இவங்களுக்கு அதிகாரம் இருக்குதுன்னு கேட்டுப் பாக்கலாம்ங்கறாங்க." அப்ப அவரைப் பிடிச்சது, என்று கேட்டேன். அவள் மார்லேனைக் கேட்டாள், மார்லேன் பேனாவை மூடினாள், திறந்தாள். "அது காரணம்னு ஒரு வரியில வருங்கம்மா." ஒரு வரி. சிற்சபேசன் என்ற நில அளவையாளர், என் புருஷன், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறக்கப்பட்டு உள்ளே கூட்டிச் செல்லப்பட்டு வெளியே வராத மனுஷன், ஒரு வரியில் வருவார். அவர் இதைக் கேட்டால் சிரிப்பார். எல்லைக் கல்லு நட்டு நட்டே வாழ்க்கையைக் கழித்தவர், எல்லை எண்டால் தடிப்பில்லாத கோடு மங்கை, அதிலை ஒரு எறும்பும் நிக்கேலாது, ஆனா அதுக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளுவினம் என்பார். அந்தத் தடிப்பில்லாத கோட்டில்தான் இப்போது என் குற்றத்தை நிறுத்தியிருக்கிறார்கள், என் குற்றமில்லை, எனக்குச் செய்த குற்றம், பார், சொல் எப்படி வழுக்குகிறது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்திய பெடியன் வெல்கம் என்றான். அந்தக் கணத்தில்தானாம் அது முழுக் குற்றமானது.

மிச்சம் இருக்கிற வாக்கியம் இதுதான், நான் எப்படி வீட்டை விட்டு வந்தேன் என்பது. அன்றைக்கு அவர்கள் கேட்டபோது நான் சொன்னேன், விடியக் காலமை வெளிக்கிட்டனான். கோகிலவாணி கொஞ்சமும் யோசிக்காமல் இங்கிலிசில் சொல்லிவிட்டாள். மார்லேன் தலை நிமிர்ந்து, எத்தனை நாள் என்று கேட்டாள். எத்தனை நாள் என்னது. "வெளிய கெடந்தீங்கன்னு சொன்னீங்களேம்மா, வீட்டுக்கு வெளிய, அதை எத்தனை நாள்னு கேக்கறாங்க." நான் ஏன் பிள்ளை வெளியிலை கிடக்கிறன், எனக்கு வீடு இருந்தது, கட்டில் இருந்தது. "வெளிக்கிட்டேன்னா வெளிய கெடந்தேன்னு இல்லைங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வயிற்றில் இருந்து வந்த சிரிப்பு, அவளும் சிரித்தாள், மார்லேன் ஒன்றும் விளங்காமல் சேர்ந்து சிரித்தாள். வெளிக்கிடுறது எண்டால் உடுப்பு மாத்தி, தலை இழுத்து, பொட்டு வைச்சு, போறது பிள்ளை. "அப்போ கெளம்பறதுங்களா?" கிளம்புறதுதான், ஆனா கிளம்புறது மட்டும் இல்லை. "அலங்காரமுங்களா?" அதுவும் இல்லை. "என்னங்கம்மா உங்க தமிழு, எங்க ஊர்ல வந்து பேசுனீங்கன்னா ஆட்டோக்காரன் உங்களை எங்கயாச்சும் எறக்கி விட்டுட்டுப் போயிருவான்." அதன் பிறகு மார்லேன் மெதுவாகக் கேட்டாள், நீங்களாக வந்தீர்களா, விரட்டப்பட்டீர்களா. வழக்கு இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது என்றாள். நானாகக் கிளம்பி வந்திருந்தால் அது பயணம், விமானச்சீட்டு, மகளைப் பார்க்க வந்த தாய். விரட்டப்பட்டிருந்தால் அது குற்றம். யோசித்துச் சொல்லுங்கள், ஒரு கிழமை இருக்கிறது, நீதிமன்றத்துக்கு வந்து பாருங்கள், எப்படி நடக்கிறது என்று தெரியும். ஒரு கிழமையாக யோசிக்கிறேன். இன்று காலை மகள் சுகிர்தா சப்பாத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள், "அம்மா, அவங்கள் உங்களை விரட்டினவங்கள்தானே, அதைச் சொல்லுறதுக்கு என்ன? ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பாடு?" அவளுடைய மேலங்கியை எடுத்து நீட்டினேன், அவளுக்குத் தாமதமாகிறது, அவள் எப்போதும் டச்சுக்காரி மாதிரி நேரத்துக்குப் போகிறவள்.

ஒரு சொல்தான். ஆனால் வெளிக்கிட்டனான் என்ற சொல்லை நான் எனக்காகச் சொல்லவில்லையே. அவர்கள் பகலில்தான் வந்தார்கள், அதுதான் பயம், இருட்டில் வந்திருந்தால் கள்ளர் என்று நினைத்திருக்கலாம். மோட்டார்சைக்கிள் இரண்டு, இலக்கத்தகடு இல்லை, படலையைத் திறந்துகொண்டு வந்து தண்ணீர் கேட்டார்கள், அள்ளிக் கொடுத்தேன், ஒருவன் செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடித்தான், நல்ல வளர்ப்பு. குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தான், அம்மா, ஐயாவைத் தேடித் திரியாதையுங்கோ, உங்களுக்கு மகள் ஒராள் வெளியிலை இருக்கிறா எல்லே, அங்கை போங்கோ, அடுத்த கிழமையும் நாங்கள் வருவம், நீங்கள் இருக்கக்கூடாது என்றான். எங்களைப் போலத் தமிழ் கதைத்தான். இருக்கக்கூடாது. செம்பில் அவனுடைய கை பட்ட இடம் சூடாக இருந்தது, அது வெய்யில் சூடு, எனக்கு அது தெரியும், இருந்தும் அந்தச் செம்பை நான் பிறகு எடுக்கவில்லை. சுகிர்தா இங்கிருந்து ஓடியாடி எல்லாம் செய்தாள், சீட்டு வந்தது. வெளிக்கிட்ட அன்றைக்கு மெரூன் கரைச் சீலை உடுத்தேன், பின் குத்தும்போது இரண்டு தரம் விரலில் குத்தினேன். பக்கத்து வீட்டுப் பரமேசக்கா வேலியடியில் நின்றா. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தேன். என்ன சொல்லட்டும் என்று கேட்டா, யாருக்கு என்று கேட்கவில்லை, யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் வெளிக்கிட்டனான் எண்டு சொல்லுங்கோ அக்கா என்றேன். அவ தலையாட்டினா. அது போதும் அவருக்கு. அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் பயப்பட மாட்டார், விறாந்தையில் இருப்பார், சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு இருப்பார், வெளிக்கிட்ட ஆள் வீட்டுக்கு வரத்தானே வேண்டும், கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டவள், கோயிலுக்கு வெளிக்கிட்டவள், பொழுதுபட வருவாள். விரட்டிப் போட்டாங்கள் என்று பரமேசக்கா சொன்னால் அவர் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும். முழங்கால் மடங்கிவிடும்.

அவருக்கும் அந்தச் சொல்லுக்கும் இருந்த உறவு வேறு. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அவர் எனக்குச் சொன்ன சொற்களில் அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன், அன்பான சொல் ஒன்றும் அவர் சொன்னதில்லை, எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு அது வராது, முற்றத்தில் சைக்கிளோடு நின்று மணியை ஒருதரம் தட்டி, வெளிக்கிட்டாச்சே, என்பார். ஆச்சு ஆச்சு என்பேன் உள்ளே இருந்து, கண்ணாடிக்கு முன்னால் பொட்டோடு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மணி, "என்னப்பா, வெளிக்கிட்டாச்சே? தாலி கட்டி முடிஞ்சு அவைக்குப் பிள்ளையும் பிறந்திடப் போகுது." அந்த ஏகாரம். ஆச்சே என்று நீட்டுகிற இடத்தில் குரல் சற்று மேலே போய் ஒரு கண நேரம் நிற்கும், கொக்கு இறங்குவதற்கு முன் நிற்பதுபோல, பிறகு இறங்கும். நான் கவிதை எழுதுகிறவள், பல்கலைக்கழகக் காலத்திலிருந்து எழுதுகிறேன், ஆனால் அந்த ஏகாரத்தை எந்த வரியிலும் வைக்க முடிந்ததில்லை, எழுதினால் அது வெறும் எழுத்தாகிவிடுகிறது. முகம் மறந்துபோகிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை, படத்தைப் பார்த்தால்தான் முகம் வருகிறது, படத்தில் இருக்கிற முகம் மட்டும் வருகிறது, சிரிக்காத முகம். குரல் மட்டும் தேயவில்லை. இங்கே வந்த புதிதில் குளிர்காலத்தில் மேலங்கி, கையுறை, கழுத்துத்துணி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு நிற்கும்போது கேட்கும், வெளிக்கிட்டாச்சே. இப்போதும் கேட்கிறது. அதனால் மெதுவாகப் போடுகிறேன். சுகிர்தா நினைக்கிறாள் எனக்கு விரல் மூட்டு நோ என்று.

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து, மன்னிக்கவும், நேரம் எடுக்கிறது, என்று இங்கிலிசில் என்னிடம் சொன்னாள், நான் கவலைப்படுவதாக நினைத்திருக்கிறாள், இல்லை பிள்ளை, எனக்குக் காத்திருக்கத் தெரியும் என்று சொல்ல நினைத்து வெறுமனே சிரித்தேன். முழங்கால் குளிர்கிறது. இந்தக் கட்டடத்தைப் பற்றி மார்லேன் சொன்னதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது, இதற்குப் போலீஸ் இல்லையாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று இவ்வளவு நீளப் பெயர், பதினெட்டு நீதிபதிகள், கண்ணாடி, கம்பளம், வாசலில் எத்தனை கொடி, ஆனால் ஒருவரைப் பிடித்துவர ஒரு காவல்காரன் கிடையாது. பிடியாணை எழுதலாம், எழுதிவிட்டு இருக்கவேண்டியதுதான், கையெழுத்துப் போட்ட நாடுகள் பிடித்துக் கொடுத்தால் உண்டு. சில நாடுகள் கொடுக்குமாம், சில நாடுகள் பிடியாணை உள்ளவனுக்குச் செங்கம்பளம் விரித்துத் தேநீரும் கொடுத்து விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுமாம். சில நாடுகள் போட்ட கையெழுத்தையே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அதைக் கேட்டபோது கோபம் வரவில்லை, ஏதோ ஒரு நெருக்கம் வந்தது, சொன்னால் பைத்தியம் என்பார்கள், இவ்வளவு பெரிய கட்டடம் என்னைப் போலவே இருக்கிறதே, யாராவது கொண்டுவந்து விட்டால்தான் அதற்கு ஆளைப் பார்க்கக் கிடைக்கும், அதுவரைக்கும் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு இருக்கிறது. நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு பரமேசக்கா. திறப்பு அவர்கள் கையில். வந்தவனுக்குத் திறந்துவிடுவார்களோ, வேலியடியில் நின்று தலையை மட்டும் ஆட்டுவார்களோ. பரமேசக்காவும் இப்போது இல்லை, அவவின் மருமகள் போனில் சொன்னாள், திறப்பு எங்கே என்று கேட்க வாய் வரவில்லை, செத்த வீட்டில் அதைக் கேட்கலாமா. அப்படியானால் அவவிடம் விட்டுவந்த சொல்லும் இல்லை. அவர் வந்தால் யார் சொல்வது. வந்திருந்தால். எத்தனையோ தரம் இந்த இடத்தில் வந்து நிற்கிறேன், வந்திருந்தால், வந்து பூட்டிக் கிடக்கிற கதவைப் பார்த்திருந்தால், சைக்கிளும் இல்லாமல், ஒட்டின கன்னத்தோடு, மெல்ல, பரமேசக்காவுக்குக் கேட்காத குரலில், மங்கை, வெளிக்கிட்டாச்சே என்று கேட்டிருந்தால். இல்லை. இதற்கு மேலே போகக்கூடாது. ஹெட்போனைக் கழற்று. குமிழை நிறுத்து. இருமு.

தோளில் கை. கோகிலவாணி. "இன்னும் திரை தூக்கலைங்கம்மா, இன்னிக்கு இவ்வளவுதானாம், மார்லேன் கீழ வந்துட்டாங்க, போலாமுங்களா?" எழும்பினேன், அவள் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள், படிகளில் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள், இவங்க காபி கசாயம் மாதிரி இருக்குங்கம்மா, நீங்க சாக்லேட் பால் வாங்கிக்கங்க, சர்க்கரை இருக்குங்களா உங்களுக்கு, இருக்கா, அப்போ வேண்டாம், சும்மா சுடுதண்ணி. உணவகத்தின் கண்ணாடிக்கு வெளியே மணல்மேடுகள், மேலே நாணல் போல ஒரு புல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, அதற்கு அந்தப் பக்கம் கடல் என்றாள் மார்லேன், எப்படித் தூங்கினேன் என்று கேட்டாள், நல்லாய் என்று பொய் சொன்னேன். தாளை எடுத்து வைத்தாள். கோகிலவாணி குனிந்து அந்த வாக்கியத்தைத் தொட்டாள். "என்னங்கம்மா போடலாம்? விரட்டப்பட்டேன்னு போட்டுக்கலாமுங்களா? மனசுக்கு ஒப்பலைன்னா வேண்டாம்ங்கறாங்க, யாரும் கட்டாயப்படுத்தலைங்களாம்." யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தேன், உதடு மூடுகிற அந்தப் பெயரை எத்தனை அந்நியருக்கு முன்னால் எத்தனை தரம் சொன்னாள், அது தேய்ந்துபோய்விடும் என்று அவளும் பயந்திருப்பாள்தானே, பயந்துகொண்டே சொன்னாள். அவளுக்கு அந்தப் பெயர், எனக்கு இந்தச் சொல். இருக்கக்கூடாது என்றான் அவன். என் வளவில் நின்று, என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு. அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சீலைக்குள் சுற்றி மறைத்து வைத்தவள் நான்தான், அவருக்கு முழங்கால் மடங்கிவிடும் என்று. இப்போது நான் சொல்வதைக் கேட்க அவர் இந்த மேசையில் இல்லை. மார்லேன்தான் இருக்கிறாள்.

போடும் பிள்ளை, என்றேன். விரட்டினவைதான்.

சொன்ன பிறகு சுடுதண்ணீரை ஒரு வாய் குடித்தேன், அது தண்ணீர் போலத்தான் இருந்தது. மார்லேன் எழுதினாள், என்னைப் பார்க்கவில்லை, அது அவளுடைய மரியாதை. இதற்குப் பதில் வர வருஷங்கள் ஆகலாம், வராமலும் போகலாம், அதையும் சொல்லவேண்டியது என் கடமை என்றாள், கோகிலவாணி அதைக் குரல் தாழ்த்திச் சொன்னாள். பிறகு மார்லேன் தாளைத் திருப்பினாள். இன்னொரு கேள்வி இருந்தது. "அம்மா, உங்களைப் போக விட்டா, திரும்பிப் போவீங்களான்னு கேக்கறாங்க. சும்மா கேக்கலைங்க, இது முக்கியமுங்களாம். திரும்பி வர விடாம வெச்சிருக்கறதையும் தனிக் குற்றமாக் கேக்க முடியுமாம். அதனால உங்களுக்கு ஆசை இருக்குதான்னு எழுதணுமாம்." ஆசை இருக்கிறதா. இத்தனை வருஷத்தில் வைத்தியர் கேட்டிருக்கிறார் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று, நகரசபைப் பெண் கேட்டிருக்கிறாள் டச்சு வகுப்பு எப்படிப் போகிறது என்று, சுகிர்தா கேட்பாள் குளிரா என்று, பேரப்பிள்ளைகள் கேட்பார்கள் அங்கே பாம்பு இருக்கிறதா என்று. இதை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நான் அழுவேன் என்று விட்டிருப்பார்கள். உள்ளே எனக்குள் கிடந்து என்னைத் தின்றுகொண்டிருந்த ஒன்றுக்கு, ஒரு நீதிமன்றத்தின் உணவகத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், அதைக் கொண்டுவாருங்கள், அதுவும் சாட்சியம் என்கிறார்கள். அழுகை வரவில்லை. கை தானாகப் போய்ச் சீலைத் தலைப்பைச் சரி செய்தது. விரட்டினது நடந்து முடிந்தது, அந்தச் சொல்லை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மற்றச் சொல் நடந்ததற்கு இல்லை, இனி வருவதற்கு. அது இவ்வளவு காலமும் வெளிக்கிட்டனான் என்று பிழையான காலத்தில் கிடந்திருக்கிறது, நானும் கவனிக்கவில்லை, தமிழ் எழுதுகிறவளாம்.

ஓம், என்றேன். விட்டால், வெளிக்கிடுவன்.

கோகிலவாணி இங்கிலிசில் தொடங்கினாள். நிறுத்தினாள். போன கிழமை தெரியாமல் சட்டென்று சொல்லிவிட்ட பிள்ளை, இன்றைக்குத் தெரிந்துகொண்டு திணறினாள். மார்லேன் பேனாவோடு அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். "கெளம்புவேன்னு சொன்னா பத்தாதுங்கம்மா" என்று அவள் முணுமுணுத்தாள், "போவேன்னும் இல்லை. இதுக்கு இங்கிலீசுல என்னங்கம்மா சொல்றது?"

தெரியாது பிள்ளை. நீர் ஆறுதலாய் யோசியும். நான் இருக்கிறன்.